நான் நேராக்க மறுத்த முடி

வேலந்தாவளத்தில் நான் நடத்திவந்த பார்லரை இப்போது சித்ரா நடத்துகிறாள். என்னிடம் வேலை பழகியவள். போன மாதம் கடை வாசலில் புதிதாக ஒரு பலகை வைத்திருக்கிறாள். தலை நிறையச் சுருள் முடியோடு ஒரு பெண் சிரிக்கிற படம். கீழே, சுருள்தான் அழகு என்று தமிழிலும் மலையாளத்திலும் எழுத்து. சுருள் முடிக்கென்றே தனி ஷாம்பு, தனி கிரீம், தனி வெட்டு எல்லாம் வந்துவிட்டதாம். கோயம்புத்தூரிலிருந்துகூடக் கல்லூரிப் பிள்ளைகள் வருகிறார்களாம். கடையில் பழகும் பெண்களிடம் ஒரு நாள் வந்து பேசுங்கள் என்று கேட்டிருந்தாள்.

போனேன். முன்பெல்லாம் எப்படி நேராக்குவோம், என்னென்ன மருந்து வந்தது என்று ஏதோ சொன்னேன். ஒரு பெண், "சுருள் முடிய நேராக்க மாட்டேன்னு யாரையாச்சும் திருப்பி அனுப்பிருக்கீங்களாக்கா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். எல்லாரும் கை தட்டினார்கள். அதோடு எழுந்து வந்துவிட்டேன். அங்கே சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

நான் தொழில் பழகியது கோயம்புத்தூரில், லீலா மேடத்திடம். முதல் ஒன்றிரண்டு வருஷம் கூட்டுவதும் துண்டு துவைப்பதும் தலை கழுவிவிடுவதும்தான். அதில் சொல்ல ஒன்றுமில்லை. மேடத்தைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

மெலிந்த உருவம். வெள்ளைப் பருத்திப் புடவை தவிர வேறு கட்டிப் பார்த்ததில்லை. மருந்து தெறித்தால் உடனே கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பார். யாரையும் அதட்ட மாட்டார். நாம் தப்பாக எதையாவது செய்தால் பக்கத்தில் வந்து நம் கையிலிருந்து சீப்பை மெதுவாக வாங்கிக்கொள்வார். அன்றைக்கு முழுக்க அந்தச் சீப்பு திரும்பி வராது. வாடிக்கையாளர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அதைவிட இரண்டு அடி வாங்கிவிடலாம் என்று இருக்கும்.

சுருள் முடிக்காரப் பெண் யாராவது நேராக்கிக்கொள்ள வந்தால், மேடம் முதலில் நாற்காலியில் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுப்பார். அவள் குடித்து முடித்த பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "இது உங்களுக்கா, வேற யாருக்காச்சுமா?"

பெரும்பாலும் சிரிப்பார்கள். சிலர் மாப்பிள்ளை வீட்டில் சொல்லியிருக்கிறார்கள் என்பார்கள். சிலர் வேலைக்கு நேர்முகத் தேர்வு இருக்கிறது என்பார்கள். எனக்குத்தான் என்று கண்ணைப் பார்த்துச் சொன்னவர்கள் குறைவு. என்ன பதில் சொன்னாலும் மேடம் வேலையைச் செய்துகொடுத்துவிடுவார். செய்வதென்றால் எதற்குக் கேட்கிறீர்கள் என்று ஒரு தடவை கேட்டுவிட்டேன். "தெரிஞ்சுக்கத்தான். தடுக்கறதுக்கு நாம யாரு?" என்றார்.

ஆனால் தலைத்தோலில் ஒரு கீறல் இருந்தாலும் தொடமாட்டார். பணத்தைத் திருப்பிக் கொடுத்து அனுப்பிவிடுவார். எவ்வளவு அழுதாலும் கேட்க மாட்டார். அப்படி அனுப்பிய பெண் வேறு எங்காவது போய்க் கெடுத்துக்கொள்வாளே என்று நான் ஒரு தடவை சொன்னபோது, மேடம் என்னை உட்காரச் சொன்னார். "தாங்காத தலைய நீ தொடாதே. அதோட உன் வேலை முடிஞ்சுது. அவ கதவத் தாண்டினதுக்கப்புறம் யோசிச்சீன்னா இந்தத் தொழில் பண்ண முடியாது." அவர் சொல்லிக்கொடுத்ததில் எனக்குக் கைவராமல் போனது இது ஒன்றுதான்.

முடியை நேராக்குவது என்று சாதாரணமாகச் சொல்கிறோம். அதற்குப் போடுகிற கிரீம் காரம், சுண்ணாம்பைப் போல. முடிக்குள்ளே இருக்கிற கட்டுகளை அது உடைக்கிறது. கட்டு உடைந்த முடி நேராகப் படுத்துக்கொள்கிறது. அவ்வளவுதான். அதனால் முந்தின நாளிலிருந்து தலை கழுவியிருக்கக் கூடாது. தோலில் இருக்கிற எண்ணெய்தான் முதல் காவல். நெற்றி ஓரம், காது, பிடரி எல்லா இடத்திலும் வாஸ்லைன் தடவ வேண்டும். முடியை நான்காகப் பிரித்து, பிடரியிலிருந்து தொடங்க வேண்டும். உச்சியும் நெற்றியும் மென்மையான இடம், கடைசியில்தான் வரலாம். ஏற்கெனவே நேராக்கிய முடியில் படாமல், புதிதாக வளர்ந்த பகுதியில் மட்டும் போட வேண்டும். தோலில் ஒட்டக் கூடாது. எரிகிறது என்று சொன்ன அந்த நொடியே, வேலை பாதியில் இருந்தாலும் கழுவிவிட வேண்டும். கடைசியில் போடுகிற ஷாம்பு ஒன்று உண்டு. மருந்து மிச்சம் இருந்தால் நுரை ரோஜா நிறத்தில் வரும். வெள்ளையாக வரும்வரை மறுபடி மறுபடி அலச வேண்டும். அதற்குத் தண்ணீர் எவ்வளவு பிடிக்கும் என்று செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். மருந்து டப்பாவைத் திறக்கும் முன் எங்களில் ஒருத்தியை மாடிக்கு அனுப்பி, தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்து வரச் சொல்வார் மேடம்.

பிறகு நான் என் ஊர்ப் பக்கமே வந்து கடை போட்டேன். எல்லையை ஒட்டிய ஊர் என்பதால் இரண்டு பக்கத்து ஆட்களும் வருவார்கள். கல்யாணப் பெண்கள், காலேஜ் பெண்கள், தோப்புக்கார வீட்டு அம்மாக்கள். வருஷங்கள் போயின. அவற்றில் பெரும்பாலான தலைகளை நான் மறந்துவிட்டேன்.

இசக்கியை அவள் மாமியார்தான் கூட்டிக்கொண்டு வந்தார். வடகரப்பதியில் தென்னந்தோப்பும் மாடுகளும் உள்ள குடும்பம். எனக்கு முன்பே பழக்கம். மகன் பிரபு கோயம்புத்தூரில் வேலை பார்த்தபோது அங்கே ஒரு ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்த பெண்ணை விரும்பிக் கட்டிக்கொண்டான் என்று கேள்விப்பட்டிருந்தேன். பெண் இடுக்கிப் பக்கம் சாந்தன்பாறை. அப்பா அம்மா ஏலத்தோட்டத்தில் வேலை. முதலில் வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை. பிறகு ஒத்துக்கொண்டார்கள். பெயர் என்ன என்று கேட்டதற்கு மாமியார்தான் முந்திக்கொண்டு இந்துஜா என்றார்.

"கல்யாணத்தப்ப நல்லாத்தானுங் இருந்துச்சு. இப்பப் பாருங், இப்படி மொளைக்குது. எங்க சனத்துல யாருக்கும் இப்படி முடி கெடையாதுங்" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியத்துக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அந்தப் பெண்ணுக்கும் தெரிந்திருந்தது. கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

முடியைப் பிரித்துப் பார்த்தேன். வேரை ஒட்டி விரல் நீளத்துக்குக் கருகருவென்று நெருங்கிய சுருள். அதற்குக் கீழே உயிரில்லாத நேர் முடி. இரண்டும் சேருகிற இடத்தில் ஒடிந்துகொண்டிருந்தது. நனைத்து ஓர் இழையை இழுத்தேன். வெந்த சேமியாவைப் போல நீண்டு அறுந்தது. யார் செய்தது என்று கேட்டேன். கல்யாணத்துக்கு முன், மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வருகிறார்கள் என்று ஹாஸ்டலில் தோழிகளோடு சேர்ந்து, ஆன்லைனில் கிரீம் வாங்கித் தானே போட்டுக்கொண்டாளாம். பழைய முடி, புது முடி என்று பாராமல் இரண்டு மூன்று தடவை முழு முடிக்கும் போட்டிருக்கிறாள்.

இதற்கு மேல் மருந்து வைத்தால் கையோடு வந்துவிடும், செய்ய மாட்டேன் என்று மாமியாரிடம் சொன்னேன். நேர் முடியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி எடுத்துவிட்டு, வளர்கிறதை வளர விடலாம் என்றேன். அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் முடி மொத்தமாகக் கொட்டிவிட்டால் இன்னும் கேவலம் என்று நினைத்தாரோ என்னவோ, சரி என்றார்.

அடுத்த தடவையிலிருந்து அவள் தனியாக வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்ததும் முதலில் சொன்னது, "எம்பேரு இசக்கியம்மாக்கா. கல்யாணப் பத்திரிகைக்காகத்தான் மாத்துனாக" என்பதுதான்.

உண்மையில் சுருள் முடியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது. அதை எப்படி ஒழிப்பது என்றுதான் எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். காய்ந்த முடியில் சீப்பை வைத்தால் பஞ்சாகப் பறக்கிறது. ஈரத்திலேயே விரலால் சிக்கெடுத்து, எண்ணெய் தொட்டு, கொத்துக் கொத்தாகச் சுற்றிவிட்டுத் தானாகக் காய விடலாம் என்று இருவரும் செய்து செய்துதான் கண்டுபிடித்தோம். கெட்டுப்போன முயற்சிகளுக்குச் சிரித்துக்கொள்வோம். அவளுக்கு நல்ல குரல். மலையில் மழைக்காலத்தில் துணி காயாது, அடுப்புக்கு மேலே கம்பி கட்டிக் காயப்போடுவோம் என்றெல்லாம் கதை சொல்வாள். ஒரு நாள் பழைய நேர் முடியின் கடைசி நுனியை வெட்டினேன். தோள்வரை முழுக்க அவளுடைய சொந்த முடி. கண்ணாடியில் வெகுநேரம் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்கம்மா மாதிரியே இருக்கேன்" என்றாள். கடையை நடத்திய அத்தனை வருஷத்திலும் எனக்கு அந்த நாளைப் போல ஒரு நாள் கிடைத்ததில்லை. அன்றைக்கு அவளிடம் காசு வாங்கவில்லை.

அதோடு நின்றிருந்தால் சித்ராவின் கடையில் அந்தக் கைத்தட்டலை நானும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

அடுத்த கோடையில் அவள் நாத்தனார் கவிதாவுக்கு நிச்சயதார்த்தம் வைத்தார்கள். அதற்கு முந்தின வாரம் இசக்கி கடைக்கு வந்தாள். உட்காரவில்லை. நின்றுகொண்டே, எனக்கு நேராக்கி விட்டிருங்க்கா என்றாள்.

யார் சொன்னார்கள் என்று கேட்டேன். யாரும் சொல்லவில்லை என்றாள். பிறகு மெதுவாக விஷயம் வந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வீடு பார்க்க வந்திருக்கிறார்கள். இவள் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தாள். குடித்துவிட்டு ஓர் அம்மாள் டம்ளரை இவள் கையில் கொடுத்து, நீ மாட்டு வேலையும் பார்ப்பாயா, எங்கள் தோட்டத்துக்கும் ஆள் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். மாமியார் பக்கத்தில்தான் இருந்தாராம். இவள் என் மருமகள் என்று அவர் சொல்லவில்லை. புருஷன் வாசலில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தான். இவளும் சொல்லவில்லை. டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"நான் இப்படியே இருந்தா அவுக என்னைக்கும் சொல்ல மாட்டாகக்கா" என்றாள்.

உட்காரவைத்துத் தலையைப் பிரித்துப் பார்த்தேன். முடி நன்றாக இருந்தது, தாங்கும். ஆனால் உச்சியிலும் நெற்றி ஓரத்திலும் சூட்டுக் கொப்புளம். எங்கள் பக்கத்து வெயில் மலையில் பிறந்தவர்களுக்குப் பழகச் சில வருஷம் ஆகும். அரிப்பில் சொறிந்து இரண்டு மூன்று இடத்தில் தோல் பிய்ந்திருந்தது. இந்தத் தலையில் மருந்து வைக்க முடியாது என்றேன். புண் ஆறட்டும், அடுத்த மாதம் வா, அப்போதும் உனக்கு வேண்டுமென்றால் நானே செய்துவிடுகிறேன் என்றேன். விசேஷம் அடுத்த வாரமாச்சேக்கா என்று மட்டும் சொன்னாள். இரண்டாவது தடவை கேட்கவில்லை. அழவும் இல்லை. கதவைத் தாண்டிப் போய், செருப்பை மாட்டிக்கொண்டு, பஸ் நிற்கிற பக்கம் நடந்தாள்.

நான் அன்றைக்குச் செய்தது சரிதான். எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன். மறுபடி அதே தலை வந்தாலும் அதையேதான் சொல்வேன். அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருக்கிறது. எங்காவது தப்பு செய்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டாவது அழுதிருக்கலாம்.

நிச்சயதார்த்தத்துக்கு இரண்டு நாள் முன்பு, மத்தியானம், கவிதாவிடமிருந்து போன் வந்தது. அழுகைக்கு நடுவில் அண்ணி, தலை, தண்ணி என்ற மூன்று வார்த்தைதான் புரிந்தது. வாடிக்கையாளரை அப்படியே விட்டுவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.

வீட்டுக்குப் பின்னால் துணி துவைக்கிற கல்லில் இசக்கி உட்கார்ந்திருந்தாள். தலை முழுக்க வெள்ளைக் கிரீம். நெற்றி ஓரமெல்லாம் சிவந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. கண்ணை இறுக மூடியிருந்தாள். பக்கத்தில் இரண்டு காலிக் குடம். கரண்ட் போயிருந்தது. மோட்டார் ஓடவில்லை. மேல்தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. கோடையில் எங்கள் பக்கம் போர்வெல்லே பாதி நாள் காற்றைத்தான் இறைக்கும். கவிதா வீடியோ பார்த்துத் தனக்கு முன்பே போட்டுக்கொண்டிருந்தாளாம், ஒன்றும் ஆகவில்லையாம். அதையே அண்ணிக்கும் போட்டுவிட்டிருக்கிறாள். எரிந்தால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம் என்று நினைத்திருக்கிறாள். எரிகிறதா என்று கேட்டதற்கு அண்ணி இல்லை இல்லை என்றே சொன்னாளாம்.

தண்ணீர் எங்கே இருக்கிறது என்று கத்தினேன். மாமியார் மாட்டுத்தொட்டியைக் காட்டினார். அதிலிருந்து மொண்டு மொண்டு அவரும் கவிதாவும் கொண்டுவந்தார்கள், நான் ஊற்றினேன். கையுறை போட நேரமில்லை. தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணில் படாமல் ஊற்றினேன். கிரீமோடு முடியும் சேர்ந்து வந்தது. பிடுங்கவில்லை, இழுக்கவில்லை. தண்ணீர் போகிற வழியில் அதுவும் போனது. உச்சியில் தோல் வெளுத்து, சில இடத்தில் வழுக்கியது. மாமியார் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி ஓடி வந்தார். மூச்சு வாங்கியது. "என்ற கண்ணு, என்ற கண்ணு" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வந்தார். அவர் அவளை அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டது அன்றைக்கு ஒரு நாள்தான்.

இசக்கி ஒரே ஒரு தடவை, "நேராயிருச்சாக்கா?" என்று கேட்டாள்.

காரில் போட்டுக் கோயம்புத்தூர் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனோம். கண் தப்பியது. உச்சியும் முன்பக்கமும் ஆழமாக வெந்துபோயிருந்தன. புண் ஆறியது, ஆனால் ஆறிய இடம் வழவழவென்று ஆகிவிட்டது, அங்கே இனி முடி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நிச்சயதார்த்தம் குறித்த நாளில் நடந்தது. மருமகளுக்கு உடம்பு சரியில்லை என்று வந்தவர்களிடம் சொன்னார்களாம். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவளை மருமகள் என்று வெளி ஆட்களிடம் சொல்லியிருக்கிறார்கள்.

சாந்தன்பாறையிலிருந்து அவள் அம்மா ஆசுபத்திரிக்கு வந்திருந்தார். அள்ளி முடிந்த கொண்டையிலிருந்து சுருள் சுருளாகப் பிரிந்து நின்ற முடி. மகள் சொன்னதைப் போல அதே முகம். கட்டுப்போட்ட தலையைத் தொடாமல், கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துக்கொண்டே இருந்தார். வீட்டுக்கு வா என்று கூப்பிட்டார். இசக்கி போகவில்லை. ஏன் என்று நான் பிற்பாடு கேட்டபோது, "அங்க போனா எல்லாரும் எந்தலையைத்தான் பாப்பாகக்கா. இங்க யாரும் பாக்கதில்ல" என்றாள். யார் இதைச் செய்யச் சொன்னது என்று நான் கோபத்தோடு கேட்டதற்கும் அவளிடம் ஒரே பதில்தான். கவிதாவைக் கெஞ்சிக் கேட்டது அவள்தானாம்.

கவிதாவின் கல்யாணத்துக்கு முன்பு பிரபு ஒரு விக் வாங்கி வந்தான். இடுப்புவரை நீளம், சொந்த முடி போலவே பளபளவென்று, ஒரு வளைவும் இல்லாத நேர் முடி. சுருளாகவும் கடையில் கிடைத்திருக்கும். ஊட்ல எல்லாரும் இதையத்தான் சொன்னாங்கக்கா என்று அவனே என்னிடம் சொன்னான், நான் கேட்காமலே. கல்யாண மண்டபத்தில் அவளைப் பார்த்தேன். பட்டுப்புடவை, பின்னலில் முழு நீளத்துக்கு மல்லிகை. மாமியார் ஒவ்வொருத்தரிடமும் அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், "என்ற மருமவ" என்று அறிமுகப்படுத்திக்கொண்டிருந்தார். என்னிடமும் வந்தார். "இப்பப் பாருங், எங்கூட்டுப் புள்ளையாட்டவே இருக்கா" என்றார். அவர் மனதில் துளி விஷம் இல்லை. சந்தோஷமாகத்தான் சொன்னார்.

விக்குக்கு ஒரு தொந்தரவு உண்டு. கீழே முடி இருந்தால் அது படிந்து உட்காராது. இசக்கிக்கு உச்சியில்தான் வளராதே தவிர, காதுக்கு மேலும் பிடரியிலும் முடி வளர்ந்துகொண்டுதான் இருந்தது. முன்பைப் போலவே நெருங்கிய, கறுத்த சுருள். விக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. மாதத்துக்கு ஒரு தடவை, கடையில் ஆள் இல்லாத மத்தியான வேளையாகப் பார்த்து வருவாள். கதவைச் சாத்திவிட்டு விக்கைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வாள். நான் மெஷினால் மழித்துவிடுவேன்.

முதல் தடவை என்னால் முடியாது என்றுதான் சொன்னேன். அவள் மடியில் இருந்த விக்கைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். முன்பு மறுத்ததற்குக் காரணம் இருந்தது: புண் இருந்தது, விதி இருந்தது. இந்தத் தலையில் புண் இல்லை. மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. மழித்தேன். அவள் போன பிறகு தரையில் கிடந்த முடியைக் கூட்டினேன். அத்தனை குட்டை முடியும் சுருண்டிருந்தது.

பிறகு என் கைகளில் வெடிப்பு வந்து, மருந்து வாடையில் மூச்சும் இழுக்கத் தொடங்கியதால் கடையைச் சித்ராவிடம் கொடுத்தேன். இசக்கிக்குப் போன் செய்து, சித்ரா நல்ல பெண், யாரிடமும் சொல்லமாட்டாள், அவளிடமே மழித்துக்கொள் என்று சொன்னேன். இல்லையென்றால் என் வீட்டுக்கு வா, நான் செய்துவிடுகிறேன் என்றும் சொன்னேன்.

முதன்முதலாகக் கடைக்கு வந்த காலத்தில் அவள் வீட்டுல, சொல்லுதாக, இருக்காக என்று மலைப் பேச்சுத்தான் பேசுவாள். அதைக் கேட்கவே எனக்குப் பிடிக்கும். போனில் கேட்ட குரல் அவளுடையதுதான். பேச்சு எங்கள் ஊர்ப் பேச்சாக இருந்தது.

"வேண்டாமுங்க்கா. மெஷின் வாங்கிட்டனுங். ஊட்லயே பண்ணிக்கறனுங்" என்றாள்.